மஞ்சள் நிற்கும் அட்டை

எங்கள் தோட்டத்தில் முன்பு குடியிருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். அதில் 'நம்மில் ஒருவர்' என்று ஒரு பகுதி. ஆளுக்கு ஒருவரைப் பற்றி எழுதிக் கொடுக்க வேண்டும். மலர்க்குழுத் தலைவர் என் அண்ணன் பெரியதம்பி. போன வாரம் போன் போட்டார்.

"பவானி, நீ பிரிஜிட்டப் பத்தி எழுதிக் குடுத்துரு. சின்னப் பிள்ளையில இருந்து கூட்டாளிதானே. நல்லதா நாலு வார்த்தை, ஒரு போட்டோ, போதும்லா."

சரி என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் எரிச்சல் தலைக்கு ஏறியது. பிரிஜிட்டைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொல்லத் தகுதியே இல்லாத மனிதர் ஒருவர் உண்டென்றால் அது என் அண்ணன்தான். எழுதத் தகுதியே இல்லாத மனுஷி நான். இருந்தாலும் எழுதுகிறேன். நாலு வார்த்தையில் நிறுத்தப் போவதில்லை. தோட்டத்து லயத்தையும் ரப்பர் மரத்தையும் நினைத்து உருக வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுதுவது அட்டையைப் பற்றி, கோபத்தைப் பற்றி.

பிரிஜிட்டுக்கு வயது ஐம்பத்தேழு. மலாக்கா பக்கம் ஜாசின் பாசார் சந்தைக்குப் பின்னால் இருக்கும் தாமான் குடியிருப்பில் கடைசி வீடு. புருஷன் செபாஸ்டியன் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார். பிரிஜிட் முன்னறையில் ஒரு நீள மேசை போட்டுத் தாளில் சாமான்கள் செய்கிறாள். கல்யாணப் பத்திரிகை, பிறந்தநாள் பெட்டி, தீபாவளிக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் அங்பாவ் உறை, மலாய்க்காரர் கல்யாணத்தில் விருந்தாளிகளுக்குக் கொடுக்கும் டோர் கிஃப்ட் டப்பா, அவள் போகும் தேவாலயத்துக்குக் கிறிஸ்துமஸ் நட்சத்திரம். மஸ்ஜித் தானா ஊரில் இருந்துகூட கார் எடுத்துக்கொண்டு வந்து வாங்கிப் போகிறார்கள்.

அவள் கோபக்காரி. இதை மறைத்து எழுதினால் அவளைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். "நல்லா கெட்டியான அட்டையா போடு பிரிஜிட்" என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போச்சு.

"கெட்டின்னா எத்தன கிராம்? இருநூறா, இருநூத்தம்பதா, முந்நூறா? மடிக்கணுமா, நிக்க வைக்கணுமா, மேல பேனாவால எழுதணுமா? ஒண்ணுஞ் சொல்லாம கெட்டி கெட்டின்னா நான் பலகைதான் அறுத்துக் குடுக்கணும்."

வந்தவர் முகம் சுருங்கிப் போகும். சிலர் அப்படியே திரும்பிப் போனதும் உண்டு. போனவர்களில் பாதிப் பேர் வேறெங்காவது செய்து, மடிப்பில் வெடித்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு இவளிடமே வருவார்கள். அப்போது இன்னொரு முறை திட்டு வாங்குவார்கள்.

இந்தக் கோபம் வேலையில் வந்தது. பத்து பெரெண்டாம் பக்கம் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் இருந்தாள். மேலே இருப்பவர்கள் மட்டமான பெட்டியையும் அனுப்பிவிடு என்பார்கள், இவள் மாட்டேன் என்று லாரியை நிறுத்தி வைப்பாள். கடைசியில் தொழிற்சாலையை வேறு நாட்டுக்கு மாற்றினார்கள். ஆட்களுக்கு ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். பிரிஜிட் அந்தக் கடிகாரத்தை பஸ் ஸ்டாப் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினாள். நான் பக்கத்தில் நின்றேன். நானும் அங்கேதான் பொட்டலம் கட்டும் பிரிவில் இருந்தேன். என்னுடைய கடிகாரம் இன்னும் என் வீட்டு ஹாலில் ஓடுகிறது. அவளுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

அட்டை எடுப்பதில் அவளுக்கென்று சில சட்டங்கள் இருந்தன. கடையில் முதலில் ஒரே ஒரு தாள்தான் வாங்குவாள். வீட்டுக்குக் கொண்டுவந்து நீளவாக்கில் ஒரு மடிப்பு, அகலவாக்கில் ஒரு மடிப்பு. தாளுக்கும் நார் உண்டு, பலகையைப் போல ஒரு பக்கமாகத்தான் ஓடும். நார் ஓடும் பக்கம் மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும். குறுக்கே மடித்தால் மேல்தோல் வெடித்து உள்ளே இருக்கும் பஞ்சு தெரியும். அடுத்து மூலையைக் கிழித்துப் பார்ப்பாள். மேலே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் வேண்டாம், வெட்டிய ஓரமெல்லாம் வெள்ளைக் கோடாகக் காட்டிக் கொடுத்துவிடும். பிறகு அந்தத் தாளை இரண்டு நாள் ஜன்னலோரம் போட்டு வைப்பாள். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். மட்டமான தாள் இரண்டே நாளில் அப்பளமாகச் சுருண்டுவிடும்.

தஞ்சோங் கிளிங்கில் ஒரு ஹோட்டல்காரர் கடற்கரை விருந்துக்கு மேசையில் நிற்க வைக்கும் பெயர் அட்டை கேட்டார். அட்டையை அவரே வாங்கிக்கொண்டு வந்தார், நூற்றி அறுபது கிராம். பிரிஜிட் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். முந்நூறுக்குக் குறைந்தால் கடல் காற்றில் நிற்காது என்றாள். அவர் வேறு ஆளிடம் செய்துகொண்டார். சூப் வருவதற்குள் விருந்தாளிகள் பெயரெல்லாம் மேசையில் குப்புறப் படுத்துவிட்டன. அங்கே பரிமாறப் போயிருந்த பெண் வந்து சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிரிஜிட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. "சொன்னா கேக்கமாட்டாங்க. கேக்காம விட்டுட்டு அட்டைய குத்தம் சொல்லுவாங்க" என்று பல்லைக் கடித்தாள்.

இந்துக் கல்யாணப் பத்திரிகை என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள் மேசையில் ஜெபமாலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பாட்டிலில் மஞ்சள் குழைத்து வைத்திருப்பாள். புதிதாக வந்த தாள் எதுவானாலும் மூலையில் விரலால் மஞ்சள் தடவிக் காய விடுவாள். காய்ந்த பிறகு தாளை நாலு உதறு உதறுவாள்.

"உங்காளுங்க பத்திரிகையில நாலு மூலையிலயும் மஞ்சத் தடவுவீங்க. தடவுற தாள் எப்படிப்பட்டதுன்னு ஒருத்தரும் யோசிக்கிறதில்ல பவானி."

யோசித்தவள் அவள்தான். மேலே பூச்சுப் பூசிய பளபளத் தாள் மஞ்சளைக் குடிக்காது. சேம்பு இலையில் தண்ணீர் மாதிரி மேலேயே நிற்கும், காய்ந்ததும் உதிரும். பூச்சு இல்லாமல், விரலுக்குக் கொஞ்சம் சொரசொரவென்று இருக்கிற தாள் மஞ்சளை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு தேய்த்தாலும் போகாது. ஜாசினில் எந்த இந்து அச்சுக்கடைக்காரரும் பார்க்காததை ஒரு கிறிஸ்தவப் பெண் பார்த்தாள்.

கடைசிச் சட்டம் தொழிற்சாலையில் இருந்து வந்தது. சோதித்த தாளில் ஒரு துண்டு வெட்டி, அடியில் ஒரு கோடு போட்டு, வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்குவாள். கையெழுத்து விழாமல் வேலையைத் தொடங்கமாட்டாள். பிஷப்பே வந்து நட்சத்திரம் கேட்டாலும் கையெழுத்துப் போட்டால்தான் கிடைக்கும் என்று செபாஸ்டியன் கிண்டல் செய்வார். அந்தத் துண்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள்.

இனி என் கதைக்கு வருகிறேன். போன வருஷம் என் மகள் ஷாமினிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு கிள்ளான். ஆவணியில் முகூர்த்தம். பத்திரிகையை ஆடி பிறப்பதற்கு முன்னால் சாமி பாதத்தில் வைத்து, முதல் பத்திரிகையைத் தாய்மாமன் கையில் கொடுத்துவிட வேண்டும். ஆடியில் நாங்கள் எதையும் தொடங்குவதில்லை. தாய்மாமன் என் அண்ணன்தான். கோயில் கமிட்டியிலும் அவர்தான் தலைவர். எங்கள் வீட்டில் அவர் குரல் உயர்ந்தால் மற்றவர்கள் வாயில் கொழுக்கட்டைதான்.

ஷாமினியைப் பிரிஜிட் வீட்டுக்கு அழைத்துப் போனேன். மகள் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினாள், கடையில் வாங்கிய தாள் ஒன்றையும் கொண்டு வந்திருந்தாள். முத்துப்போல மின்னும் அட்டை.

"இந்த மாதிரிதான் ஆன்ட்டி. பேர்ல் ஷிம்மர். லைட் பட்டா அப்படியே க்ளோ ஆகும்."

பிரிஜிட் மடித்தாள், கிழித்தாள், மஞ்சள் தொட்டாள். மின்விசிறியின் கீழே வைத்துவிட்டு எங்களுக்குக் கோப்பி கலக்கிக் கொடுத்தாள். குடித்து முடித்ததும் தாளை எடுத்து உதறினாள். மஞ்சள் மேசைமேல் கொட்டியது.

"அழகாத்தான் இருக்கு. உன் பத்திரிகைக்கு ஆகாது."

"கொஞ்சூண்டு மஞ்சதானே ஆன்ட்டி, யாரு பாக்கப் போறா?"

"உங்க மாமா பாப்பாரு. மூலைய மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேச்சுத் தரவா? அங்க மட்டும் மஞ்ச பிடிக்கும்."

"ஐயோ, அசிங்கமா தெரியும்லா."

"அப்ப இந்தத் தாள எடு." பிரிஜிட் வேறொன்றை நீட்டினாள். மங்கலான சந்தன வெள்ளை, இருநூற்றி ஐம்பது கிராம், விரல் வைத்தால் பிடிக்கும். ஷாமினி அதை வாங்கக்கூட இல்லை.

காரில் ஏறியதும் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஸ்கூல் ரிப்போர்ட் கார்டு மாதிரி இருக்கு. கே.எல்.ல ஆர்டர் பண்ணிக்கிறேன்மா. விடுங்க." எனக்கும் உள்ளுக்குள் ஒரு சபலம். மாப்பிள்ளையின் அம்மா வேறு யாரோ வீட்டுப் பத்திரிகையைக் காட்டி, என்ன மினுமினுப்பு என்று இரண்டு தடவை சொல்லியிருந்தார். கிள்ளான்காரர்கள் முன்னால் நாம் ஜாசின்காரர்கள் என்று தெரியக் கூடாதாம். அந்தப் புத்தியை இன்று நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மூன்றாம் நாள் பிரிஜிட் என் வீட்டுக்கு வந்தாள். உள்ளங்கை அளவு துண்டு ஒன்றைக் கையில் கொடுத்தாள். இடது பாதி மின்னும் அட்டை, வலது பாதி அவள் சொன்ன அட்டை, இரண்டையும் ஒட்டியிருந்தாள். இரண்டு பக்க மூலையிலும் மஞ்சள் வைத்துக் காய்ந்திருந்தது. இடது பக்கம் மஞ்சள் பாதி உதிர்ந்துவிட்டது. வலது பக்கம் அப்படியே இருந்தது. அடியில் அவள் கையெழுத்தில் 'பார்த்துவிட்டு எது வேண்டும் என்று சொல்லவும்' என்று எழுதி ஒரு கோடு.

"ஷாமினிகிட்ட மட்டும் காட்டாத. உங்கண்ணன்கிட்ட காட்டு. முதல் பத்திரிகை வாங்குறவரு அவருதான். அவரு பளபளப்பே போதும்னு சொன்னா எனக்கென்ன, செஞ்சு தர்றேன். கையெழுத்து மட்டும் வாங்கிரு."

நான் அண்ணனிடம் காட்டவில்லை. காட்டினால் அவர் மின்னும் அட்டையை வேண்டாம் என்பார், ஷாமினி அழுவாள், கோலாலம்பூர் கடையில் கொடுப்பாள், பிரிஜிட்டுக்கு வேலை போகும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் செய்துகொண்டேன். துண்டை ஊசி நூல் வைக்கும் மேசை இழுப்பறையில் போட்டேன். மறுநாள் பிரிஜிட்டுக்குப் போன் செய்தேன்.

"அண்ணன் பாத்துட்டாரு. மஞ்ச லேசாத் தொட்டு வச்சாப் போதும், பிள்ளை ஆசைப்படி செய்யின்னுட்டாரு."

"கையெழுத்து?"

"அவரு கோயில் வேலையா அலையிறாருலா. நாந்தான் சொல்றேனே."

"சரி. நீ சொன்னாப் போதும்" என்றாள்.

முந்நூறு பத்திரிகை. ஒவ்வொன்றையும் நார் பார்த்து வெட்டி, மை தீர்ந்த பேனாவால் மடிப்புக்கோடு இழுத்து, கையாலேயே மடித்தாள். குறை சொல்ல ஓர் இடமில்லை. ஷாமினி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் படமெடுத்து எல்லாருக்கும் அனுப்பினாள்.

ஆனி மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் கோயிலுக்குப் போனோம். பத்திரிகையின் நாலு மூலையிலும் நான்தான் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தேன். சாமி பாதத்தில் வைத்து எடுத்து, வெயிலில் காய்ந்துகொண்டே அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. தட்டில் வெற்றிலை பாக்கோடு நானும் என் வீட்டுக்காரர் குகனும் நீட்டினோம். அண்ணன் புது வெள்ளை வேட்டி கட்டி, இரண்டு கையாலும் பத்திரிகையை வாங்கினார். வாங்கித் திருப்பினார். மூலையில் இருந்த மஞ்சள் பொடியாகவும் செதிலாகவும் அவர் மடியில் உதிர்ந்தது. குங்குமமும் கூடவே வந்தது. பத்திரிகையின் மூலை நாலும் துடைத்து விட்டதுபோல வெறுமையாக மின்னியது.

அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டார்.

"மஞ்சளே நிக்காத பத்திரிகைய எங்கிட்ட குடுக்கிறியா பவானி?" என்றார் அண்ணன். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. "யாரு செஞ்சா இத?"

அன்று சாயங்காலம் நாலு மணிக்குப் பிரிஜிட்டை என் வீட்டுக்கு வரச் சொன்னார்கள். கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள், விரல்களில் பசை காய்ந்திருந்தது. அண்ணன் நாற்காலியில். குகன் சுவரோரம். ஷாமினி அறைக்குள் அழுதுகொண்டிருந்தாள்.

"ஏம்மா பிரிஜிட், வேதக்காரப் பொம்பளைக்கு மஞ்சளோட அருமை என்ன தெரியும்னு சும்மாவா சொல்றாங்க? தெரியலன்னா கேட்டுச் செய்யணும்லா."

பிரிஜிட்டின் முகம் சிவந்ததை நான் பார்த்தேன். அவள் வெடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். வெடித்திருக்க வேண்டும். ஆனால் அவள் நிதானமாகவே பேசினாள்.

"கேட்டுத்தான் செஞ்சேன் அண்ணே. நீங்க பாத்த துண்டுல இருக்கே. எடது பக்கம் உதிர்ந்திருந்துச்சே."

"எந்தத் துண்டு?"

பிரிஜிட் என் பக்கம் திரும்பினாள். "பவானி, அந்தத் துண்டு எங்க?"

ஊசி நூல் மேசை எனக்கு மூன்று அடி தூரத்தில் இருந்தது. இழுப்பறையைத் திறந்தால் போதும். அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தாறு வயதுப் பொம்பளை, மகளுக்குக் கல்யாணம் செய்யப் போகிறவள், அண்ணனுக்குப் பயந்து நின்றேன்.

"எந்தத் துண்டு பிரிஜிட்? எனக்கு ஞாபகம் இல்லையே."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதைச் செய்தேன். சோறுகூட இல்லாமல் செய்தேன்.

ஊரெல்லாம் கோபக்காரி என்று சொல்லும் பிரிஜிட் அப்போது குரலை உயர்த்தவில்லை. பிறகு மேசைமேல் இருந்த பத்திரிகைப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"ஆடிக்கு எத்தன நாள் இருக்கு அண்ணே?"

"இன்னிக்கு விட்டா எட்டு."

"ஏழாம் நாள் வந்துரும்."

பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். தூக்கிவிட நான் கை நீட்டினேன். அவள் பெட்டியை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள்.

ஏழாம் நாள் செபாஸ்டியன்தான் கொண்டுவந்து இறக்கினார். பசியாறிவிட்டுப் போங்கள் என்றேன். வேலை இருக்கிறது என்று பஸ்ஸுக்குத் திரும்பினார். எங்கள் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்காமல் அவர் போனது அதுதான் முதல் தடவை. புதுப் பத்திரிகை சந்தன வெள்ளையில் இருந்தது. முந்நூறும் இருந்தன. ஷாமினி ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்து, இதுவே நல்லாத்தான் இருக்கு என்றாள். அவளை அறையலாம் போல இருந்தது. அறைய வேண்டிய ஆள் அவள் இல்லை என்பதும் தெரிந்தது.

அதற்குள் பேச்சு பரவிவிட்டது. அண்ணன் கோயிலில் ஒரு வார்த்தை சொன்னால் ஊரில் பத்தாகும். பிரிஜிட் செய்த பத்திரிகையில் மஞ்சள் நிற்கவில்லையாம், சகுனம் சரியில்லையாம், தெரியாத வேலையை எடுத்துக் கெடுத்துவிட்டாளாம். ஆவணிக் கல்யாணத்துக்குக் கொடுத்திருந்த இரண்டு வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தையில் கல்யாணம் வைத்திருந்த அகல்யா வீட்டில் இருந்து என்னிடமே கேட்டார்கள்: "அந்தப் பொம்பளைகிட்ட குடுக்கலாமா அக்கா?" கொடுங்கள் என்றேன். ஏன் கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. அவர்கள் கொடுக்கவில்லை.

ஆனிக் கடைசி நாள் புது முதல் பத்திரிகையை அண்ணனிடம் கொண்டு போனோம். அவர் வாங்கிய உடனே கட்டைவிரலால் மூலையை அழுத்தித் தேய்த்தார். மஞ்சள் அசையவில்லை. விரலில்கூட ஒட்டவில்லை. அண்ணன் திருப்தியாகச் சிரித்தார்.

"பாத்தியா, நாலு வார்த்தை ஏசுனாத்தான் இவங்களுக்கெல்லாம் வேலை ஒழுங்கா வருது."

அப்போதுதான் எனக்குள் எதுவோ அறுந்தது. ஐம்பத்தாறு வருஷமாக வராத கோபம் எங்கிருந்துதான் வந்ததோ. கைப்பையில் அந்தத் துண்டு இருந்தது, அன்று காலையில் ஏன் எடுத்து வைத்தேன் என்று எனக்கே தெரியாது. எடுத்து அவர் மடியில் போட்டேன்.

"இவங்களுக்கெல்லாம்னா யாருக்கு அண்ணே? இதைப் பாருங்க. உங்ககிட்ட காட்டச் சொல்லிக் குடுத்தா. நான் காட்டல. காட்டிட்டேன்னு பொய் சொன்னேன். அன்னிக்கு ஞாபகம் இல்லன்னு சொன்னதும் பொய். மஞ்சளோட அருமை தெரியாதவ நான்தான். அவ இல்ல."

குகன் என் கையைப் பிடித்தார். உதறிவிட்டேன். அண்ணன் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் எழுந்து பிரிஜிட் வீட்டுக்குக் கிளம்புவார் என்று ஒரு நிமிஷம் நம்பினேன்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு" என்றார். "இத வெளிய சொல்லிக்கிட்டு இருக்காத. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா நமக்குத்தான் கேவலம். அந்தப் பொம்பளைக்கு நான் வேற ரெண்டு ஆர்டர் பிடிச்சுக் குடுத்துடறேன்."

பிடித்துக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் அவள் வாங்கியிருக்கமாட்டாள்.

துண்டை அவர் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு அங்கிருந்து நேராகப் பிரிஜிட் வீட்டுக்குப் போனேன். கையில் தட்டு, வெற்றிலை பாக்கு, அவள் பெயர் எழுதிய பத்திரிகை. அவள் செய்த பத்திரிகையை அவளுக்கே கொடுக்கப் போனேன். கேட்டுக்கு உள்ளே நின்று வாங்கிக்கொண்டாள். கேட்டைத் திறக்கவில்லை.

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்றேன். துண்டை எடுத்து நீட்டினேன். பிஸ்கட் டின்னில் வைத்துக்கொள் என்றேன். மன்னிச்சிரு என்றும் சொன்னேன்.

அவள் துண்டைத் தொடவில்லை.

"இருபத்தியெட்டு வருஷத்துல கையெழுத்து இல்லாம நான் ஆரம்பிச்ச வேலை இது ஒண்ணுதான் பவானி. நீ சொன்னியேன்னு ஆரம்பிச்சேன்."

திட்டுவாள் என்று நினைத்துப் போயிருந்தேன். ஹோட்டல்காரரைத் திட்டியதுபோல, கெட்டி அட்டை கேட்டவர்களைத் திட்டியதுபோல. அவள் திட்டுகிற ஆட்கள் திரும்பி வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும். என்னைத் திட்டவில்லை.

"அத நீயே வச்சுக்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கல்யாணத்துக்கு வந்தாள். ஷாமினி தலையில் கை வைத்து ஜெபம் செய்தாள், சாப்பிட்டாள், போனாள். பதினான்கு மாதமாகிறது, என்னோடு பேசவில்லை. இப்போது மலாய்க்காரர் வேலையும் தேவாலய வேலையும்தான் அவளுக்கு. மஞ்சள் பாட்டில் மேசையில் இல்லை என்று செபாஸ்டியன் சொன்னார். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்று பெரியவர்கள் சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். இது ஊர் வாய் இல்லை. எங்கள் வீட்டு வாய். அண்ணன் கோயிலில் நின்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூடியிருக்கும். அவர் சொல்லவில்லை. நானும் அவர் சொல்லட்டும் என்று பதினான்கு மாதம் காத்திருந்தேன், அதுவும் கோழைத்தனம்தான்.

அண்ணே, நீங்கள் கேட்ட கட்டுரை இது. ஒரு வரி வெட்டினாலும் மலரில் போட வேண்டாம், நானே நகல் எடுத்துக் கோயில் வாசலில் நின்று கொடுத்துக்கொள்கிறேன். போட்டோவும் கேட்டீர்கள். பிரிஜிட்டிடம் போட்டோ கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. அதனால் அந்தத் துண்டைத்தான் படமெடுத்து வைத்திருக்கிறேன். இடது பாதியில் மூலை வெறுமையாக இருக்கிறது. வலது பாதியில் மஞ்சள் இன்னும் அப்படியே இருக்கிறது. அடியில் அவள் போட்ட கோட்டின்மேல் நேற்று நான் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் உங்கள் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.